1980-லேயே திறந்த ஜன்னல்

பார்வையாளரும் பங்கேற்கும் வலைக்கலை, அதாவது தொலைவில் இருப்பவர்களை இணைக்கும் கலை, இணையத்தோடுதான் பிறந்தது என்று, ஹெட்செட் (தலையில் மாட்டிப் பார்க்கும் கருவி) வகைகளையும் விவரிக்கும் உங்கள் தொடரில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1980 நவம்பரில் கிட் கேலோவே, ஷெரி ராபினோவிட்ஸ் என்ற இரு கலைஞர்கள் நியூயார்க் லிங்கன் சென்டரில் ஒரு பெரிய திரையையும், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கடையின் ஜன்னலில் இன்னொன்றையும் வைத்து, செயற்கைக்கோள் வழியாக இணைத்தார்கள். பெயர் 'ஹோல் இன் ஸ்பேஸ்'. மூன்று மாலைகள்தான். முன்னறிவிப்பு இல்லை, விளக்கப் பலகை இல்லை. தெருவில் போனவர்கள் நாட்டின் மறுகரையில் நிற்பவர்களை ஆளுயரத்தில் பார்த்தார்கள், பேசினார்கள். அப்புறம் செய்தி பரவி, மூன்றாம் மாலை பிரிந்து வாழ்ந்த குடும்பங்களே சொல்லிவைத்து இரு பக்கமும் வந்து கூடின.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கலைஞர்கள் எடுத்த ஒரு சின்ன முடிவு. தங்கள் உருவம் அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, வந்து நின்றவர்களுக்குத் தனித் திரை வைக்கவில்லை. அதனால் கவனம் முழுக்க எதிரில் நிற்பவர் மேல். இன்றைய வீடியோ அழைப்பில் பாதி நேரம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே!

1995-இல் தொடங்கிய கென் கோல்ட்பெர்க் குழுவின் 'டெலிகார்டன்' பற்றியும் ஒரு வரி இல்லை. பதிவு செய்துகொண்ட யாரும் இணையம் வழியாக ரோபோ கையை இயக்கி, உண்மையான செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற முடிந்தது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 2004 வரை அது இருந்தது.

அடுத்த பகுதியில் ஹெட்செட் வகைகளைக் குறைத்துக்கொண்டு, கலைஞர்கள் எதைக் காட்டாமல் விட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்.