குப்பை அள்ளுகிறவரின் தங்க உடை

ஆலைப் புகையும் வதைக்கும் வேலையும் இல்லாத உலகத்தைக் கற்பனை செய்யும் நாவல் எது கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அங்கே குப்பையை யார் அள்ளுகிறார்கள்? மாளிகையும் தோட்டமும் அப்புறம்.

தாமஸ் மோரின் 'யுட்டோப்பியா' வெளிவந்தது 1516இல். அந்தக் கற்பனைத் தீவில் நாளுக்கு ஆறு மணி நேரம்தான் வேலை. அந்தக் காலத்தில் அப்படி யோசித்தது பெரிய விஷயம். ஆனால் ஆடு மாடு அறுப்பது மாதிரி, மற்றவர்கள் தொட விரும்பாத வேலையெல்லாம் அடிமைகள் தலையில். அவர்களுக்கு விலங்கு தங்கத்தில். அந்த இடத்திலேயே எனக்கு அந்தத் தீவு கசந்துவிட்டது.

1888இல் எட்வர்ட் பெல்லமி எழுதிய 'லுக்கிங் பேக்வர்ட்' இதைவிட நியாயமானது. கடினமான வேலைக்கு நேரம் குறைவு, 45 வயதில் எல்லோருக்கும் ஓய்வு. சரி, ஆனாலும் அங்கே வேலை என்பது சீக்கிரம் இறக்கி வைக்க வேண்டிய சுமைதான்.

வில்லியம் மோரிஸுக்கு இது பிடிக்கவில்லை. 1890இல் 'நியூஸ் ஃப்ரம் நோவேர்' எழுதினார். அதில் கதைசொல்லி கனவில் போய்ச் சேரும் எதிர்கால இங்கிலாந்தில் வேலையே சந்தோஷம். தேம்ஸ் நதி தெளிந்து ஓடுகிறது, படகோட்டிக்குக் கூலி என்றால் என்னவென்றே புரியவில்லை. என் மனதில் நின்றவர் வேறொருவர். வெயில் பட்டுத் தங்கக் கவசம் போல மின்னும் உடையில் ஒருவர் வருகிறார். யாரோ பெரிய மனிதர் என்று நினைக்கிறான் கதைசொல்லி. அவர் குப்பை அள்ளுகிறவர். நாவலும் எழுதுவாராம். மோர் அடிமைக்கு விலங்காகப் பூட்டிய தங்கத்தை மோரிஸ் இவருக்கு ஆசை உடையாகப் போட்டுவிட்டார்!

ஆனால் அந்த ஊரிலும் சாப்பாடு பரிமாறுவது பெண்கள்தான். அந்த ஓட்டையைக் கண்டவர் வங்காள எழுத்தாளர் ரொக்கேயா. சென்னையிலிருந்து வந்த ஓர் ஆங்கில இதழில் 1905இல் வெளியான 'சுல்தானாவின் கனவு' கதையில் அடுப்படியில் கரியில்லை, புகையில்லை. சூரிய வெப்பத்தில் சமையல், சமைப்பது ஆண்கள்.

மோரிஸ் நாவலின் முடிவை மட்டும் என்னால் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை. கதைசொல்லி அந்த உலகத்தை இழந்து திரும்பும் வழியில் ஒருவர் எதிரே வருகிறார். வயது ஐம்பதை அதிகம் தாண்டியிருக்காது, பார்த்தால் கிழவர். கூன் விழுந்த உடம்பு, ஒளியில்லாத கண், இழுத்து இழுத்து நடை, கந்தல் துணி. இவனைக் கடக்கும்போது பணிவோடு தொப்பியைத் தொடுகிறார்.