எல்லாக் குடுவைச் செடி விதையையும் பிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை

"பூச்சி தின்னும் குடுவைச் செடியின் விதையை ஒரு மாதம் பிரிட்ஜில் வைத்து, சாணி கலந்த மண்ணில் போட்டால் மட்டக்களப்பிலும் காடாய் வளரும்" என்ற தகவல் வாட்சப்பில் சுற்றுகிறது. இதை நம்பி விதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பிரிட்ஜ் கதை வட அமெரிக்காவின் சரசீனியா என்ற குடுவைச் செடிக்கு உரியது. அங்கே விதை ஈரக் குளிரில் பனிக்காலத்தைக் கழித்துத்தான் முளைக்கும். அதனால் ஈரப்பாசியில் வைத்து, சுமார் 4 பாகை செல்சியஸில் 4 முதல் 6 வாரம் குளிரூட்டுகிறார்கள். சரி, இங்கேயும் அப்படி முளைக்க வைக்கலாம். ஆனால் வளர்ந்த செடிக்கும் ஆண்டுதோறும் குளிர் உறக்கம் வேண்டும். மார்கழி மழையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான மட்டக்களப்புக் கல்லடியில் அது எங்கே கிடைக்கும்? செடி மெல்ல நலிந்துவிடும்.

இலங்கைக்கே உரிய குடுவைச் செடி, நெப்பெந்தீஸ் வகையைச் சேர்ந்த வேறு இனம். அது தென்மேற்கு ஈரவலயச் செடி, குளிரூட்டல் தேவையில்லை. விதை நூல் துணுக்குபோல இருபுறமும் கூர்ந்து, ஊதினால் பறக்கும். சில மாதங்களிலேயே முளைதிறன் போய்விடும், ஆகவே புதிதாகவே விதைக்க வேண்டும். புதைக்காமல் ஈரப்பாசியின் மேல் தூவி, வெளிச்சத்தில் வையுங்கள். முளைத்த சில வாரங்களில் வரும் குட்டி இலைகளிலேயே குடுவை தெரியும், பார்க்க அவ்வளவு அழகு!

சாணியும் உரமும் இரண்டுக்குமே ஆகாது, வேர் கருகும். கரையோரக் கிணற்று நீரின் உப்பும் அப்படித்தான். மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். சிங்கராஜக் காட்டில் பிடுங்கி வருவது சட்டவிரோதம்.