ஆளுநரை டிரம்ப் நீக்கினாரா?

2025 நவம்பரில் வர்ஜீனியாவிலும் நியூஜெர்சியிலும் நடந்த ஆளுநர் தேர்தலை வைத்து ஒரு பதிவு சுற்றுகிறது: "அதிபர் டிரம்ப் ஆளுநர்களை நீக்கிவிட்டார், அதனால்தான் திடீர் தேர்தல்." இது தவறு.

குழப்பம் 'ஆளுநர்' என்ற சொல்லில்தான். நம் ஊர் ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். அமெரிக்க ஆளுநரோ மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், ஏறக்குறைய நம் முதலமைச்சர் மாதிரி. அவரை நீக்க அதிபருக்கு அதிகாரமே இல்லை.

சரி, அப்போ ஏன் 2025? இந்த இரு மாநிலங்களும் அதிபர் தேர்தலுக்கு மறு ஆண்டில் ஆளுநரைத் தேர்ந்தெடுப்பது பழைய வழக்கம். 2021லும் 2017லும் இப்படித்தான். நியூஜெர்சி தன் 1947 அரசியலமைப்பில், தேசிய அரசியல் அலை மாநிலத் தேர்தலை அடித்துச் செல்லக்கூடாது என்றே இந்தக் கணக்கை வைத்தது. (அலை நின்றபாடில்லை என்பது வேறு கதை.) வர்ஜீனியாவில் ஆளுநர் தொடர்ந்து இருமுறை பதவி வகிக்க முடியாது, அப்போதைய ஆளுநர் கிளென் யங்கின் போட்டியிடாததற்கு அதுதான் காரணம். வென்றவர் அபிகெய்ல் ஸ்பான்பெர்கர். நியூஜெர்சியில் மிக்கி ஷெரில்.

வேறு மாநிலங்களிலும் இப்படித் தனிக் கணக்கு உண்டு: கென்டக்கி, மிசிசிப்பி, லூசியானா மூன்றும் அதிபர் தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கின்றன. குவாம் முதலிய, மாநிலமல்லாத அமெரிக்க ஆட்சிப்பகுதிகள் இரட்டைப்படை ஆண்டுகளில்தான்.