கெடு மட்டும் நிற்கவில்லை

வருடச் சந்தா கட்டிய செயலியிலேயே, தனியாகக் காசு கொடுத்து ஒரு புதுப்படத்தை வாடகைக்கு எடுத்தோம். பார்க்கத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரம் கெடு. இடைவேளைகூட வரவில்லை, திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அப்புறம் "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, சிறிது நேரம் கழித்து முயலவும்."

சரி, மெஷின் என்றால் படுக்கத்தான் செய்யும். ஆனால் சர்வர் படுத்துக் கிடந்த நேரத்திலும் கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சாட்டில் முறையிட்டால், ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்கிறது ரோபோ. குப்பை அவர்கள் வாசலில், கூட்ட வேண்டியது மட்டும் நானா?

நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் தபாலில் டிவிடி அனுப்பிய காலத்தில், 2008 ஆகஸ்டில், தரவுத்தளம் கெட்டு மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. மன்னிப்புக் கேட்டார்கள், கட்டணத்திலும் கழித்துக்கொடுத்தார்கள். ஜனங்கள் பெரும்பாலும் அங்கேயே இருந்தார்கள். அதே ஜனங்கள்தான் 2011-ல் விலையை ஒரேயடியாக ஏற்றியதும் கொதித்தார்கள். மூன்றே மாதத்தில் சுமார் 8 லட்சம் சந்தா போயிற்று. கோளாறை மன்னிக்கிற மனசு வாடிக்கையாளருக்கு எப்போதும் உண்டு. கேட்டால்தானே கொடுப்போம்?

எங்கள் செயலிக்காரர்கள் ஒரு வரி வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. "நீங்கள் எடுத்த படத்தின் கெடு முடியப்போகிறது, சீக்கிரம் பாருங்கள்" என்ற நினைவூட்டல் மட்டும் டாண் என்று வந்து சேர்ந்தது.