உளவியலையும் ஆங்கில இலக்கியத்தையும் சேர்த்துப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்காக

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகிப் பல்கலைக்கழக அனுமதிக்கான காலம் நெருங்கும்போது, திருகோணமலையில் ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில் என்னிடம் வரும் கேள்விகளுள் ஒன்று அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழுகின்றது. கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு பெற்ற மகள் உளவியலையும் ஆங்கில இலக்கியத்தையும் சேர்த்துப் படிக்க ஆசைப்படுகிறாள்; ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று ஆகிவிடாதா என்று பெற்றோர் கவலையோடு கேட்கிறார்கள். தனித்தனியே சொல்லிவந்த பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்த இரண்டு துறைகளும் ஒன்றின் குறையை மற்றது திருத்தும் இயல்புடையவை. அழகாகவும் நம்பும்படியாகவும் சொல்லப்பட்ட ஒரு விளக்கத்தைச் சான்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளாதிருக்க உளவியல் பழக்குகின்றது. எதிரே இருக்கும் மனிதரை ஒரு வினாக்கொத்தின் கட்டங்களுக்குள் அடைத்துவிடாதிருக்க இலக்கியம் பழக்குகின்றது. போரையும் ஆழிப்பேரலையையும் கடந்துவந்த நமது மாவட்டத்துக்கு, இந்த இரண்டு பழக்கங்களும் ஒருசேர வாய்த்தவர்கள் நிறையவே தேவைப்படுகிறார்கள்.

இதற்கு நான் வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு ஜேன் ஒஸ்டினின் எம்மா என்ற நாவல். 1815ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த அந்நாவலின் நாயகி, தன் தோழி ஹரியெற்றை ஊரின் இளம் மதகுரு எல்ற்றன் விரும்புகிறார் என்று முடிவுசெய்து கொள்கிறாள். எம்மா வரைந்த ஹரியெற்றின் ஓவியத்தை அவர் புகழ்ந்தாலும், அதற்குச் சட்டமிடுவிக்க லண்டன் வரை எடுத்துச்சென்றாலும், ஒரு விடுகதைப் பாட்டு எழுதிக்கொடுத்தாலும், எல்லாமே அவளுடைய முடிவுக்குச் சான்றாகிவிடுகின்றன. அவர் விரும்பியது எம்மாவையே என்பது வெளிப்படும்போது அவள் மட்டுமல்ல, முதன்முறை வாசிக்கும் நம்மில் பலரும் திடுக்கிடுகிறோம். காரணம், கதை படர்க்கையில் சொல்லப்பட்டாலும் பெரும்பாலும் எம்மாவின் மனதுக்குள் இருந்தே சொல்லப்படுகின்றது. அவள் கண்ணால் பார்த்த நாமும் அவளோடு சேர்ந்தே ஏமாறுகிறோம்.

இனி 1960ஆம் ஆண்டுக்கு வாருங்கள். பீற்றர் வேசன் என்ற உளவியலாளர், 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிக்கு அமைந்தவை, வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டார். பலர் ‘இரண்டு இரண்டாகக் கூடும்’ என்று மனதில் எண்ணிக்கொண்டு 8, 10, 12 என்பது போன்று அதற்குப் பொருந்தும் எண்களையே தந்தார்கள். ஒவ்வொரு முறையும் ‘சரி’ என்ற பதில் கிடைத்ததால் அவர்களின் உறுதி வளர்ந்தது. உண்மையான விதியோ ‘ஏறுவரிசையில் அமைந்த எந்த மூன்று எண்களும்’ என்பதுதான். தமது எண்ணத்தைப் பொய்யாக்கக்கூடிய எண்களைச் சொல்லிப் பார்த்தவர்களே அதை எளிதில் கண்டறிந்தார்கள். வேசனின் சோதனையைப் படித்த மாணவிக்கு எம்மா செய்யும் தவறின் பொது அமைப்பு விளங்கும்; எம்மாவை வாசித்த மாணவிக்கு, அந்தத் தவறை உள்ளிருந்து செய்யும்போது அது தவறாகவே தோன்றுவதில்லை என்பது விளங்கும். இரண்டையும் அறிந்தவளுக்குத் தன் தீர்ப்புகளின் மீதே ஒரு விழிப்பு உண்டாகும். மற்றவர்களின் மனதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தொழிலுக்குப் போகிறவருக்கு இதைவிட முக்கியமான பயிற்சி எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜேன் ஒஸ்டினை எங்கோ தொலைவில் உள்ளவராக நினைக்கும் நமது பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. கடற்படையில் உயர்பதவி வகித்த அவருடைய கடைசித் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மியப் போரின்போது நோயுற்று இறந்தார்; அவருடைய கல்லறை நமது திருகோணமலையில்தான் இருக்கின்றது.

உளவியல் தனியொரு சோதனை விஞ்ஞானமாக வளர்ந்ததை 1879இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் அமைத்த ஆய்வுகூடத்திலிருந்து கணக்கிடுவது வழக்கம். ஆனால் ஆய்வுகூடத்துக்கு வெளியே அது இலக்கியத்தோடு கொண்ட கொடுக்கல் வாங்கல் ஓய்ந்ததே இல்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தமது பெருநூலில் நனவை இடையறாது ஓடும் நீரோட்டமாக விளக்கினார். அந்தக் கருத்தே பின்னர், பாத்திரத்தின் எண்ண ஓட்டத்தை அப்படியே எழுதும் நனவோடை என்ற புதிய நாவல் உத்திக்குப் பெயராயிற்று. யாழ்ப்பாணத்தில் 1905இல் குடியேற்ற அரசின் இளம் அதிகாரியாகப் பணிசெய்த லியோனார்ட் வூல்ஃபும் அவர் மனைவி வேர்ஜினியா வூல்ஃபும் நடத்திய ஹோகார்த் பதிப்பகம், 1924 முதல், உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த பிராய்டின் எழுத்துகளை ஆங்கிலத்தில் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அதே பதிப்பகம் வேர்ஜினியாவின் மிசிஸ் டலோவே என்ற நாவலை வெளியிட்டது.

அந்நாவலில் வரும் செப்டிமஸ் முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பியவன். இறந்துபோன தோழன் இவான்ஸ் அவன் கண்முன் தோன்றுகிறான். எதையும் உணரமுடியாமல் போய்விட்டதே என்று அவன் அஞ்சுகிறான். ஒரு மருத்துவர் அவனுக்கு ஒன்றுமே இல்லை என்கிறார். இன்னொருவர் அவனைக் குடும்பத்திலிருந்து பிரித்து ஓய்வில்லத்துக்கு அனுப்ப முனைகிறார். அவன் பேசத் தொடங்கும்போது அதை முழுமையாகக் கேட்க இருவருக்கும் நேரமில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயைத் தனது வகைப்பாட்டுக் கையேட்டில் சேர்த்தது 1980இல்தான். நாவலாசிரியர் மருத்துவத்தை முந்திவிட்டார் என்று பெருமை பேசுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. போர் முனையில் மனம் நொந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் 1915 முதலே எழுதிவந்தார்கள். நோய்க்குறிகளின் பட்டியலில் இடம்பெற முடியாத ஒன்றை, அதாவது கேட்கப்படாமல் போவதன் வேதனையை, அந்நாவல் பதிந்துவைத்திருக்கின்றது.

இலக்கியம் படிக்கும் நாம் நமது துறையைப் பற்றி மிகையாகப் பேசிவிடும் ஆபத்தும் உண்டு. 2013இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, தரமான புனைகதையைச் சிறிது நேரம் வாசித்தாலே பிறர் மனதை உய்த்துணரும் திறன் கூடுகின்றது என்று அறிவித்தபோது, உலகெங்கும் இலக்கிய ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 2016இலும் 2018இலும் அதே சோதனையைக் கூடுதலான பங்கேற்பாளர்களுடன் மீளச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. தனக்கு இனிக்கும் முடிவையும் மீளச் சோதிக்க வேண்டும் என்ற இந்த ஒழுக்கத்தை இலக்கிய வகுப்பு தானாகக் கற்றுத்தராது.

இனி நமது ஊரின் விடயத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளிலும் மற்றைய கிழக்குக் கரைகளிலும் உதவிக்கு வந்தவர்களுள், வேறு நாடுகளில் தயாரிக்கப்பட்ட நோய்க்குறி வினாக்கொத்துகளோடு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் இலங்கை மக்களிடம் ஆய்வு செய்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ வேறொரு வழியில் சென்றார். துன்பத்துக்குப் பிறகு நன்றாக இருப்பவர் யார், நொந்துபோயிருப்பவர் யார் என்று மக்களையே கதையாகச் சொல்லவைத்து, அக்கதைகளிலிருந்தே இலங்கையருக்கான ஓர் அளவுகோலை அமைத்தார். மூட்டுவலி, நெஞ்சுவலி போன்ற உடல் நோவுகளாகவும், உறவிலும் ஊரிலும் தமக்கிருந்த இடம் குலைந்துபோனதாகவுமே நமது மக்கள் தமது துயரைப் பெரிதும் சொன்னார்கள் என்பது அவருடைய பணியிலிருந்து தெரிகின்றது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிசெய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனிதரின் காயத்தோடு நில்லாமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து படும் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதியிருப்பதும் இதே திசையில்தான்.

கதையைப் பொறுமையாகக் கேட்பதும், அதில் திரும்பத் திரும்ப வருவது எது, சொல்லாமல் விடப்பட்டது எது என்று கவனிப்பதும், யார் யாருக்கு எந்தச் சூழலில் சொல்கிறார்கள் என்று பார்ப்பதும் இலக்கிய வகுப்பில் மூன்று ஆண்டுகள் நாள்தோறும் செய்யப்படும் வேலை. அக்கதைகளிலிருந்து நம்பகமான ஓர் அளவுகோலை அமைப்பதும், அது உண்மையில் அளக்கின்றதா என்று பரிசோதிப்பதும் உளவியலின் வேலை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகங்களும் அருகருகே வாழும் ஒரு மாவட்டத்தில், அடுத்த சமூகத்தவரின் கதையை நமது வார்ப்புக்கு ஏற்றவாறு வளைத்துவிடாமல் கேட்பது இன்னும் கடினம். கேம்பிரிஜ் உளவியலாளர் பிரடெரிக் பாட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதைக் காட்டியிருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை வாசித்த ஆங்கிலேயர்கள் அதை நினைவிலிருந்து திரும்ப எழுதியபோது, கடல்நாய் வேட்டை மீன்பிடியாக மாறியது. தமக்குப் புரியாத பேய்கள் மெல்ல மெல்லக் கதையை விட்டே மறைந்தன. வாசித்தவர்கள் பொய் சொல்லவில்லை. தமக்குப் பழக்கமான வடிவத்துக்குக் கதையைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வெறுங்கையோடு போவதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கின்றது. அமெரிக்க உளவியலாளர் போல் எக்மன் முகபாவங்களை ஆராய்ந்து முன்வைத்த ஆறு அடிப்படை உணர்ச்சிகளின் பட்டியலில் பெருமிதத்துக்கு இடமில்லை. ஏன் இல்லை என்று விரிவுரை மண்டபத்தில் எழுந்து கேட்கும் மாணவி நமது ஊரிலிருந்து போனவளாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பெற்றோரின் அச்சத்துக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இளநிலைப் பட்டம் மட்டும் ஒருவரைச் சிகிச்சை உளவியலாளர் ஆக்காது. அதற்கு மேற்படிப்பும் மேற்பார்வையின் கீழான பயிற்சியும் வேண்டும். நமது கலைப்பீடங்களில் பொதுவாக முதலாம் ஆண்டில் மூன்று பாடங்களைத் தெரிவுசெய்து, பின்னர் பொதுப் பட்டத்துக்கோ சிறப்புப் பட்டத்துக்கோ செல்லலாம் என்பதால், உளவியல் கற்பிக்கப்படும் இடத்தில் இந்தச் சேர்க்கைக்கு வழியிருக்கின்றதா என்பதை விண்ணப்பத்துக்கு முன்னரே விசாரியுங்கள். பிரித்தானியாவில் இணைப் பட்டம் படிக்க எண்ணுபவர்கள், அது பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்காமல் பணம் கட்டக்கூடாது. படிப்பில் ஏறத்தாழப் பாதியாவது உளவியலாக இருப்பதும், ஆய்வுச் செயற்றிட்டம் உளவியலிலேயே அமைவதும் அதற்கு அவசியம். பாடசாலை, பிரதேச செயலகத்தின் உளவளத்துணைப் பிரிவு, தொண்டு நிறுவனம், ஊடகம் எனப் பட்டதாரிக்கு இடங்கள் உண்டு, ஆனால் எதுவும் தானாக வந்து கதவைத் தட்டாது. புள்ளிவிபரவியலுக்குப் பயந்து அந்த வகுப்புகளைத் தவிர்க்கும் பிள்ளை உளவியலைப் பாதியிலேயே இழந்துவிடுவாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் மொழிகளும் தொடர்பாடலும் கற்பிக்கப்படுகின்றன. சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றது. மொழியும் மருத்துவமும் ஏற்கனவே ஒரே வளாகத்தில் இருக்கும்போது, உளவியலையும் ஆங்கில இலக்கியத்தையும் இணைத்த ஒரு பட்டநெறியை, தமிழிலும் சிங்களத்திலும் மக்களின் கதைகளைக் கேட்கும் களப்பயிற்சியோடு, அங்கே வளர்த்தெடுக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விரிவுரையாளர்களும் பழைய மாணவர்களும் இதை எழுத்து மூலமான முன்மொழிவாக எடுத்துச்செல்ல முன்வந்தால், அதைத் தயாரிப்பதில் என்னால் இயன்ற பங்கைச் செய்வேன்.