“அப்படியே உட்காரும்” என்பது சரியில்லை

1873 கோல்ட் என்ற அமெரிக்க ரிவால்வரின் நகலுக்குப் பாகம் மாற்றும்போது, “1873 கோல்ட்டின் நகல்தானே, கோல்ட் பாகம் எதை வாங்கினாலும் அப்படியே உட்காரும்” என்று சிலர் சொல்வது பாதி உண்மைகூட இல்லை. இத்தாலியில் செய்யும் ஊபெர்ட்டி, பியெட்டா நகல்களின் திருகு மரை மெட்ரிக். கோல்ட்டுடையது அங்குலக் கணக்கு. வலுக்கட்டாயமாக முறுக்கினால் ஃபிரேமின் மரையே போய்விடும். ஊபெர்ட்டி பாகம் பியெட்டாவுக்குச் சேரும் என்றும் நம்ப வேண்டாம். முதலில் தயாரிப்பாளர் முத்திரையைப் பாருங்கள், விற்றவரின் பெயரை அல்ல.

சரியான பாகம் கிடைத்தாலும் அரம் வேண்டும். சிலிண்டரைச் சுழற்றும் ‘ஹேண்ட்’ பெரும்பாலும் சற்று நீளமாகவே வரும். துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துகொண்டு, சிலிண்டரில் விரலை லேசாக வைத்தபடி பின்னாலுள்ள சுத்தியலான ஹேமரை மெதுவாக இழுங்கள். ஹேமர் கடைசிப் படிக்கு (முழு இழுவைப் படி) வருமுன்பே சிலிண்டர் பூட்டிக்கொண்டு இழுவை நின்றால், ஹேண்ட் நீளம். நுனியில் இரண்டு இழுப்பு தேய்த்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். ஹேமர் கடைசிப் படியில் நின்ற பிறகும், சிலிண்டரைப் பூட்டும் ‘போல்ட்’ அதன் பள்ளத்தில் விழவில்லையா? ஹேண்ட் குட்டை, தேய்த்ததை ஒட்டவைக்க முடியாது, அப்புறம் புதிதுதான்.

விசையையும் போல்ட்டையும் தள்ளும், அடிக்கடி உடையும் தட்டை ஸ்பிரிங்கை மாற்றுவது மட்டும் ஓரளவு சுலபம். ஹேமரின் முழு இழுவைப் படியில் அரமே வைக்காதீர்கள். அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.