பிலிம் யார் கையில் இருந்தது?

போர்க்காலத்தில் படம் எடுத்த சேலத்துக்காரர்களைக் கேலி செய்கிற அந்த ஒரு நிமிட வீடியோவை எனக்கு அனுப்புவதைத் தயவு செய்து நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சு நடந்த மண்டபத்தில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். யாரோ அதை வெட்டி எடுத்து, 'சேலத்துக் கங்காணிகள்' என்று தலைப்பும் வைத்து விட்டுவிட்டார்கள். (கங்காணி என்றால் தோட்டத்தில் வெள்ளைக்காரனுக்காகக் கூலிகளை மேய்த்தவன்.) நம்ம கோயமுத்தூர், ஈரோட்டு நண்பர்களே அதற்கு ஹார்ட் போட்டுப் பகிர்கிறார்கள். விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை வேறு.

வீடியோவில் பாதிக் கதைதான் இருக்கிறது. அன்றைக்கு முதலில் போட்டது லண்டன் படம். 1940இல் ஜெர்மன் விமானங்கள் ராத்திரி ராத்திரி குண்டு போட்டபோது ஊர் ஜனம் எப்படி அசராமல் இருந்தது என்று காட்டும் 'லண்டன் கேன் டேக் இட்'. முடிந்ததும் கைதட்டல். மனித உறுதியின் கவிதை என்றார் பேச வந்த தம்பி. அப்புறம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1945இல் எடுத்த போர்ப் பிரச்சாரப் படமான 'பர்மா ராணி'க்கு வந்தார். படத்தைப் போடவில்லை. பழைய விளம்பரத் தாள் ஒன்றைத் திரையில் காட்டி, முதலாளி டி.ஆர்.சுந்தரமே ஜப்பான் அதிகாரியாக வேஷம் கட்டியதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, வெள்ளைக்காரனுக்குக் கங்காணி வேலை பார்த்த படம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மண்டபமே சிரித்தது.

லண்டன்காரன் தன் சர்க்காருக்கு எடுத்துக் கொடுத்தால் கவிதை. திருச்செங்கோட்டுக்காரர் எடுத்தால் கங்காணி வேலை. நல்லா இருக்குதுங்க நியாயம்.

அந்தக் 'கவிதை' யார் எடுத்தது? பிரிட்டிஷ் தபால் துறையின் படப்பிரிவு, தகவல் அமைச்சகத்துக்காக எடுத்தது. அதில் பின்னணி பேசுவது ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர். ஏன் அமெரிக்கர்? படம் முதலில் போக வேண்டிய இடம் அமெரிக்கா. அப்போது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை. அந்த ஜனங்கள் மனதை இளக்க வேண்டியிருந்தது. அசல் பிரச்சாரம். ரொம்ப நல்ல பிரச்சாரம், நானும் ரசித்தேன். அதே அமெரிக்கா 1942இல் டொனால்ட் டக்கை வைத்து வருமான வரி கட்டச் சொல்லிப் படம் எடுத்தது. சமையலறையில் மிஞ்சுகிற கொழுப்பை வீணாக்காமல் கொண்டுவந்து கொடுங்கள், வெடிமருந்து செய்யலாம் என்று மின்னி மவுஸை வைத்துச் சொன்னது. அதையெல்லாம் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருவதில்லை, வியப்பு வருகிறது. சேலம் என்றால் மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பிலிம் யார் கையில் இருந்தது?

இந்தியாவில் அன்றைக்குக் கச்சா பிலிம், அதாவது படம் பிடிக்கிற வெறும் சுருள், ஒரு அடிகூடச் செய்யவில்லை. (பக்கத்தில் ஊட்டியில் பிலிம் தொழிற்சாலை வந்ததெல்லாம் அறுபதுகளில்தான். அதுவும் இப்போது இல்லை.) எல்லாம் கப்பலில் வரவேண்டும், போர்க்காலத்தில் கப்பலில் இடம் கிடைக்காது. 1942இல் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. இரண்டு மணி நேரப் படம். அதற்கு முன் நம் ஆட்கள் பாட்டுக்கு மேல் பாட்டு வைத்து மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். அடுத்த வருஷம் லைசென்ஸ் முறையே வந்துவிட்டது. யாருக்குப் பிலிம், எவ்வளவு பிலிம் என்பதை சர்க்கார்தான் தீர்மானிக்கும். அதோடு ஒட்டி வந்ததுதான் போருக்கு உதவுகிற படமும் எடுத்துக் கொடு என்ற நெருக்குதல். மாடர்ன் தியேட்டர்ஸில் மாதச் சம்பளத்துக்கு எத்தனை குடும்பம் இருந்தது என்று சேலத்தில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிலிம் இல்லை, ஆகவே கதவைச் சாத்துகிறோம், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டுமா?

சுந்தரத்தை விடுங்கள். கே.சுப்ரமணியத்துக்கு என்ன பதில்? 1939இல் 'தியாகபூமி' எடுத்தவர். காங்கிரஸ் பிரச்சாரம் என்று சொல்லி வெள்ளைக்காரன் தடை போட்ட படம். அதே சுப்ரமணியம்தான் 1945இல் 'மானசம்ரக்ஷணம்' என்று போர்ப் பிரச்சாரப் படம் எடுத்தார். ஆறு வருஷத்தில் அவரும் கங்காணி ஆகிவிட்டாரா? ஜெமினி 'கண்ணம்மா என் காதலி' எடுத்தது. 'என் மகன்' வந்தது. மெட்ராஸ், கோவை, சேலம் என்று யார் படம் எடுத்தாலும் அந்தக் கதவு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அதில் சேலத்தை மட்டும் பொறுக்கி எடுத்துத் தலைப்புப் போடுவது ஏன்?

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி, கோபிப் பக்கம் ஒரு டென்ட் கொட்டகையில் ஆபரேட்டர். படம் எடுத்தவர்களை மட்டுமல்ல, அதைப் 'போட்டுக் காட்டிய கொட்டகைக்காரர்களையும்' சேர்த்தேதான் அந்தத் தம்பி சொன்னார். 1943இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் ஒரு விதி சேர்த்தார்கள். ஒவ்வொரு கொட்டகையும், ஒவ்வொரு ஆட்டத்திலும், அரசு ஒப்புதல் தந்த படத்தை 2,000 அடி வரை போட்டே ஆக வேண்டும். கிட்டத்தட்ட இருபது நிமிடம். 'இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியா' என்ற அரசுப் படப்பிரிவின் குறும்படம், 'இந்தியன் நியூஸ் பரேடு' என்ற செய்திச் சுருள். தமிழிலும் பேசும். அதற்கு வாடகையும் கொட்டகைக்காரரே கட்ட வேண்டும். நம்ம காசில் நமக்கே உபதேசம்.

படப்பெட்டி பஸ்ஸில் வரும். அப்புச்சி சைக்கிளில் போய் எடுத்து வருவார். ஏற்கெனவே பத்து ஊர் சுற்றி வந்த சுருள், ஓரத்து ஓட்டைகளெல்லாம் கிழிந்துபோயிருக்கும். அதை உட்கார்ந்து பிளேடில் வெட்டி, பிலிம் சிமெண்ட் என்ற பசையைத் தடவி ஒட்டி, கையால் சுற்றி வைக்க வேண்டும். அன்றைய பிலிம் நைட்ரேட், சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு. மெஷினில் ஒரு நொடி மாட்டி நின்றால் கார்பன் வெளிச்சத்தின் சூட்டில் குப்பென்று பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு தடவை பிடித்து, சர்க்கார் சுருளைக் காப்பாற்றப் போய், அப்புச்சிக்கு வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப்போனது. என் சின்ன வயதில் அந்தக் கையைத் தடவிப் பார்த்திருக்கிறேன். வழுவழுவென்று இருக்கும், முடியே இருக்காது. சுருள் எரிந்தால் கொட்டகை லைசென்ஸுக்கு ஆபத்து. அதற்காகத்தான் கையை விட்டார். விசுவாசத்தில் அல்ல.

ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியே கடலைக்காரரிடம் நின்றுகொண்டு "ஏனுங், சண்டப்படம் முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்களாம். தானியத்தை வீணாக்காதே, பதுக்காதே என்று திரையில் உபதேசம் ஓடும். 1942இல் ரங்கூன் விழுந்ததோடு பர்மா அரிசி நின்றுபோனது. 1943இல் வங்காளத்தில் இருபது முப்பது லட்சம் பேர் பசியில் செத்தார்கள். மண்தரையில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துவிட்டு வந்த சனத்திடம் சிக்கனம் பேசியது அந்தச் சுருள். அதை நம்பி யாரும் மாறிவிடவில்லை. போட்டவரும் நம்பவில்லை, பார்த்தவரும் நம்பவில்லை.

ஆனால் எங்கள் வீட்டுக்குள் அது அவ்வளவு லேசாகப் போகவில்லை. அம்மிச்சியின், அதாவது அப்புச்சி மனைவியின், அண்ணன் 'வெள்ளையனே வெளியேறு' என்ற ஆகஸ்ட் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். 1942 ஆகஸ்டில் சூலூர் விமானதளத்துக்குத் தீ வைத்த சமயத்தில் கோவை வட்டாரத்தில் போலீஸ் எப்படி வீடு வீடாகப் புகுந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். அவர் வெளியே வந்து பார்த்தால், மச்சான் சர்க்கார் படம் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கடைசி வரை எங்கள் வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. தங்கச்சியைப் பார்க்க வந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்து போவாராம். அப்புச்சி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

அம்மிச்சியின் அண்ணன் அப்படி இருந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. லத்தியடி பட்டவர். அவருக்கு அந்த உரிமை உண்டு. ஏசி மண்டபத்தில் மைக் பிடித்துக்கொண்டு, பார்க்காத படத்தை வைத்துச் சிரிக்கிறவருக்கு அது எங்கிருந்து வந்தது?

"எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே" என்று எழுதப் போகிறீர்கள், தெரியும். சொல்லியிருக்கலாம். நீங்கள் உங்கள் ஆபீஸில் எத்தனை முறை அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்? "அந்தப் படங்களில் காசு பார்த்தார்களே" என்பீர்கள். பார்த்தார்கள்தான். சினிமா எடுப்பது கோயில் கட்டவா?

கொஞ்சம் யோசிக்க வைக்கிற ஒரு கேள்வியும் வந்தது. மலேயாவிலிருந்து எத்தனையோ தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்த நேரத்தில், ஜப்பான்காரனை வில்லனாகக் காட்டித் தமிழிலேயே படம் எடுத்தது சரியா என்று ஒரு நண்பர் கேட்டார். அவர்கள் வீட்டார் அந்தப் படத்தைப் பார்த்தால் வயிறு எரிந்திருக்கும். மறுக்க மாட்டேன். ஆனால் அதே மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோய்ச் சாகடித்தது யார்? ஜப்பான் ராணுவம். அதை அப்போது வெள்ளைக்காரன் சொன்னான் என்பதற்காக அது பொய்யாகிவிடாது. இதற்குமேல் இதில் எனக்கு விவாதிக்க விருப்பமில்லை.

இன்னொன்று. 1946இல் இன்பர்மேஷன் பிலிம்ஸ் என்ற அந்த அரசுப் படப்பிரிவை இழுத்து மூடினார்கள். வெள்ளைக்காரன் பிரச்சார நிறுவனம் நமக்கு எதற்கு என்ற ஆத்திரம். விளைவு, 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரத்தைப் படம் பிடிக்க அரசிடம் சொந்தமாக ஒரு படப்பிரிவு இல்லை. அடுத்த வருஷமே பிலிம்ஸ் டிவிஷன் என்ற புது அரசுப் படப்பிரிவு வந்தது. கட்டாயத் திரையிடலும் திரும்பி வந்தது, வாடகையும் திரும்பி வந்தது. 1962இல் சீனப் போர், 1965இல் பாகிஸ்தான் போர், சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை சோற்றை விடச் சொன்னது, எல்லாக் காலத்திலும் கொட்டகையில் அதே மாதிரிச் சுருள், அது முடிகிற வரை ஜனம் வெளியே நின்று பீடி. அப்புச்சி அதையும் ஓட்டினார். அப்போது அவரை யாரும் கங்காணி என்று சொல்லவில்லை. தேசபக்தர் என்றும் சொல்லவில்லை. சம்பளமும் ஏறவில்லை.

இன்றைக்கு உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் எந்த அரசு, எந்தக் கட்சி தயாரித்தது என்றுகூடப் பார்க்காமல் பின்னணி இசையோடு வீடியோ அனுப்புகிறீர்களே, அதற்கு உங்களை எந்த விதி கட்டாயப்படுத்தியது? லைசென்ஸ் போய்விடுமா? கை வெந்துவிடுமா? ஓசியில், ஆசை ஆசையாகச் செய்கிறீர்கள். செய்துவிட்டு 1945ஆம் வருஷத்துக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

கூட்டம் நடத்தியவர் நேற்று ராத்திரி போன் செய்தார். "அண்ணா, அவன் சின்னப் பையனுங்க, விடுங்க, அடுத்த மாசம் நீங்களே வந்து பேசுங்க, பத்து நிமிஷம் ஒதுக்கறோம்" என்றார். அந்தத் தம்பிக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தீர்களே என்றேன். அவர் சிறப்பு அழைப்பாளராம். எனக்கும் முக்கால் மணி நேரம் வேண்டும், அதோடு அந்த லண்டன் படத்தையும் மறுபடி போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறார்களாம்.